பௌர்ணமி கழிந்து

"முழுங்கு. நான் பாத்துட்டுதான் நவுருவேன்."

தண்ணீர்ச் சொம்பை நீட்டியபடி பச்சையம்மாள் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அருணாதேவியின் உள்ளங்கையில் சின்னதாக ஒரு வெள்ளை வில்லை. அடுப்பில் பால் பொங்கப் பார்த்தது.

"பால் பொங்குதுங்க அத்த."

"பொங்கட்டும். போன மாசம் ஒரு வேள மறந்துட்டு, பௌர்ணமிக்கு மறுநா காலைல தூரமாயி வந்து நின்னியே, ஞாபகம் கீதா? ஒரு நாள் முந்தியிருந்தா கடைய மூடிக்கினு போயிருக்கணும்."

அருணாதேவி விழுங்கினாள். சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்ட மாமியார் அதே மூச்சில் அடுத்த சேதியையும் சொன்னாள்.

"உங்கப்பனுக்குப் போன் போட்டுட்டேன். பௌர்ணமி கழிஞ்சு வரச் சொல்லிக்கிறேன். ஆறு வருசம் பொறுத்தாச்சு. எனக்கு இருக்கறது ஒரே புள்ள. வம்சம்னு ஒண்ணு வேணாமா? செங்கத்துல ஒரு எடம் வந்துக்குது. உன்ன ஒண்ணும் தொரத்தல. நீ பாட்டுக்கு இங்கயே இருந்துக்கலாம்."

பால் வழிந்து அடுப்பை அணைத்தது. இங்கேயே இருந்துகொண்டு என்ன செய்வது என்று பச்சையம்மாள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. பிள்ளை பெற ஒருத்தி வந்தாலும் கடையில் உட்கார ஒருத்தி வேண்டுமே.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி வரிசையாகப் பூஜைச் சாமான் கடைகள். மேலே ஒரு தார்ப்பாய், கீழே ஒரு பலகை, அதுதான் கடை. கர்ப்பூரம், நெய் விளக்கு, எலுமிச்சம்பழம், கதம்பம். மற்ற நாட்களில் அங்கே உட்கார்ந்து ஈ ஓட்டலாம். பௌர்ணமி வந்தால் மூச்சு விட நேரமிருக்காது. அந்த ஒரு நாள்தான் மாதம் முழுக்கச் சோறு போடும். ஆண்கள் அன்றைக்கு ஆட்டோ ஓட்டப் போய்விடுவார்கள். பலகைக்குப் பின்னால் உட்காருவது வீட்டுக்கு வந்த மருமகள். ஆனால் சாமிக்கு ஏற்றுகிற கர்ப்பூரத்தை மாதவிலக்காகித் தூரமான பெண் தொட்டுக் கொடுக்கலாமா? கொடுத்தால் குடும்பம் விளங்குமா? நிலா தேதி தவறாமல் வந்துவிடுகிறது. பெண்ணின் உடம்புக்குத்தான் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியவில்லை. அதனால் அந்த வரிசையில் அத்தனை வீடுகளிலும் உடம்பை அதட்டிப் பஞ்சாங்கத்துக்குப் பழக்கியிருந்தார்கள்.

பௌர்ணமி நெருங்கும்போதே மருந்துக்கடை மணிவேல் யாரும் கேட்காமல் அட்டைகளை எடுத்துவைத்துவிடுவான். டாக்டர் சீட்டு என்று அவன் வாயைத் திறந்ததில்லை. மாத்திரை என்று அதை யாரும் சொல்வதும் இல்லை. மாத்திரை என்றால் காய்ச்சலுக்கு, தலைவலிக்கு. இது ‘தள்ளிப்போடறது’. கர்ப்பூரம் வாங்குவது மாதிரி, திரிநூல் வாங்குவது மாதிரி இதுவும் பௌர்ணமிச் சாமான்.

கல்யாணமாகி வந்து சில மாதங்களில் பழகியதை அருணாதேவி ஒரு பௌர்ணமியும் விட்டதில்லை. மலை சுற்ற வருகிறவர்கள் பிள்ளை வரம் கேட்டு வாங்கிப்போகிற விளக்கை எல்லாம் தன் கையால்தான் எடுத்துக்கொடுத்தாள். தனக்காகவும் ஏற்றினாள். ஊரில் யாருக்காவது வளைகாப்பு என்றால் பச்சையம்மாள் மட்டும் போய்விட்டு வருவாள். வந்ததும் அன்றைக்குப் பாத்திரங்கள் கொஞ்சம் ஜாஸ்தியாகவே சத்தம் போடும்.

அருணாதேவி வழிந்த பாலைத் துடைத்தாள். அப்பா வந்தால் என்ன பேசுவார்? துண்டை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வார். இருசப்பனுக்கு அதைத் தவிர வேறு தெரியாது. பெண்ணைப் பெற்றவர் இல்லையா?

"வூட்ல யாருங்க?" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை, வெயிலில் கருத்துப்போன முகம். இருபத்தைந்து வயதுக்குள் ஒரு பெண். கவிநிலா என்று பெயர் சொன்னாள்.

"எந்தக் கட்சி?" என்றாள் பச்சையம்மாள் எடுத்த எடுப்பில்.

"எந்தக் கட்சியும் இல்லீங்கம்மா. மருந்துக் கம்பெனியும் இல்ல. சென்னைல ஒரு ஆராய்ச்சி நிலையம். ஜனங்களுக்கு உடம்புல இன்னா பிரச்சினை, எந்த ஆஸ்பத்திரிக்குப் போறாங்க, எதனால போகாம விட்டுடறாங்கன்னு வீடு வீடா கேக்கறோம். கேட்டதக் கூட்டாம கொறைக்காம அறிக்கையா போடுவோம். எந்த ஆட்சி வந்தாலும் அதப் பாத்து சுகாதாரத் திட்டத்தத் திருத்திக்கலாம்."

"கட்சியும் இல்ல, கம்பெனியும் இல்லன்னா இந்த வெயில்ல உன்ன எவன் அனுப்பினான்?"

கேள்வி நியாயமானதுதான். கொடுக்கவோ கேட்கவோ இல்லாமல் அந்தத் தெருவுக்குள் யாரும் நுழைந்ததில்லை. பச்சையம்மாள் அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள்.

"எந்த ஊரு உனக்கு? ஊருல எந்தப் பக்கம்?"

"வந்தவாசிக்குப் பக்கத்துலங்க" என்று கவிநிலா அதோடு நிறுத்திக்கொண்டாள். இரண்டாவது கேள்வி எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். குடிக்கிற தண்ணீரை அவள் எந்த ஊருக்குப் போனாலும் பாட்டிலில் கொண்டுபோய்விடுவாள்.

"உங்க மருமகளத் தனியா கேக்கணும்ங்கம்மா."

"எனக்குத் தெரியாதது அவளுக்கு இன்னா தெரியும்? நானே சொல்றேன் எழுதிக்கோ. எங்க வூட்ல ஒரு நோவும் கெடையாது. யாரும் மாத்திரயே தொடறதில்ல."

"பக்கத்துல ஆள் இருந்தா எழுதக்கூடாதுன்னு ரூலுங்க. அபிநயா வீட்டுல கூட அவங்க மாமியார் வெளியதான் இருந்தாங்க."

அபிநயா பக்கத்துக் கடைக்காரி. அவள் வீட்டில் விட்டார்கள் என்றால் இவள் வீட்டில் விடாமல் இருப்பது கௌரவக் குறைச்சல். "சீக்கிரம் முடி" என்று சொல்லிவிட்டுப் பச்சையம்மாள் உள்ளே போனாள். போனவள் ஜன்னல் பக்கம் வந்து நிற்கத்தான் போகிறாள் என்று அருணாதேவி கவிநிலாவைப் புழக்கடைத் தண்ணீர்த் தொட்டிக்கு அழைத்துப்போனாள்.

கேள்விகள் நீளமாகப் போயின. காய்ச்சல் வந்ததா, ரத்தக் கொதிப்பு உண்டா, கடைசியாக எப்போது டாக்டரைப் பார்த்தீர்கள். கவிநிலா கேட்டுக் கேட்டுக் கையிலிருந்த கருவியில் குறித்துக்கொண்டாள்.

"போன ஒரு மாசத்துல மாத்திரை மருந்து ஏதாச்சும் சாப்பிட்டீங்களாக்கா?"

"இல்லைங்க."

பொய் சொல்லவில்லை அருணாதேவி. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

"கடைசியா எப்ப தூரமானீங்க?"

"பௌர்ணமி கழிஞ்சு."

"அதுக்கு முந்துன மாசம்?"

"அதுவும் பௌர்ணமி கழிஞ்சுதான்."

கவிநிலா தலையை நிமிர்த்தினாள். "அபிநயா அக்காவும் பௌர்ணமி கழிஞ்சுன்னுதான் சொன்னாங்க. அதுக்கு முந்துன வீட்டுலயும் அப்படித்தான். இந்தத் தெருவுல எல்லாருக்குமே பௌர்ணமி கழிஞ்சுதான் வருதா?"

அருணாதேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படித்த பெண், இதுகூடத் தெரியவில்லையே.

"பின்ன வராம? அதுக்குத்தானே அத முழுங்கறோம்."

"எதை?"

அருணாதேவி சொன்னாள். எப்போது ஆரம்பிப்பது, எப்போது நிறுத்துவது, ஒருவேளை முந்திக்கொண்டு வந்துவிடுமோ என்று பயந்து சில மாதம் பத்து நாளைக்கு முன்பே ஆரம்பித்துவிடுவது, எல்லாவற்றையும் சாம்பாருக்குப் பக்குவம் சொல்வதுபோல் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த கவிநிலாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும், இதுவரை தன்னையே கேட்டுக்கொள்ளாத ஒரு கேள்வி அருணாதேவியின் வாயில் வந்து நின்றது.

"ஏங்க, இதுக்கும் எனக்குக் கொழந்த தங்காததுக்கும் ஏதாச்சும் சம்பந்தம் இருக்குமா?"

கவிநிலா கருவியின் திரையைப் பார்த்துக்கொண்டு, "நான் டாக்டர் இல்லக்கா. எங்க வேலை கேட்டு எழுதறது மட்டும்தான். யோசனை சொல்லக்கூடாது, யார் பக்கமும் சாயக்கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்பிருக்காங்க. நாங்க சாஞ்சா அறிக்கையும் சாஞ்சிடும்" என்றாள்.

"எங்க வூட்டுக்காரரும் இதையேதான் சொல்றாரு. அம்மா பக்கமும் இல்ல, உன் பக்கமும் இல்லன்னு. யார் பக்கமும் இல்லாதவங்க எல்லாம் ஒண்ணா சேந்துதான் எனக்குச் சக்களத்தி கொண்டாறீங்க."

கவிநிலா திரையைத் தள்ளிக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். எல்லாரிடமும் முடிவில் படிக்க வேண்டிய ஒரே ஒரு வாக்கியம் அங்கே இருந்தது. அதைப் படிக்க மட்டும் அவளுக்கு அனுமதி உண்டு.

"உங்கள் உடல்நலம் குறித்துச் சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையில் பெண் மருத்துவரை இலவசமாகச் சந்திக்கலாம்" என்று படித்தாள். அருணாதேவியின் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை படித்தாள். எழுந்து பையை மாட்டிக்கொண்ட பிறகு, படிக்கவேண்டிய அவசியமே இல்லாமல் மூன்றாவது தடவையும் அதையே சொல்லிவிட்டுப் போனாள்.

அதன்பிறகு அருணாதேவிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வேலையைத் தொட்டால் அதைப் பாதியில் விட்டு அடுத்ததுக்குப் போனாள். காலையில் பச்சையம்மாள் சொம்போடு வந்து நின்றால் விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் விழுங்கித் தொலைத்தாள். டவுனுக்குப் போகச் சாக்கு வேண்டுமே. பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கும்போது மொத்தக் கடையில் கர்ப்பூரம் எடுத்துவர வேண்டியிருந்தது. மாமியாருக்கு முழங்கால் வலி. "நான் போய்ட்டு வரேங்க அத்த" என்று பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரி வரிசையில் நின்று பார்த்த டாக்டரம்மாவுக்கு அம்மா வயதிருக்கும். ஆறு வருஷக் கதையைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"மாசா மாசமா? ஒரு மாசம்கூட விடாமயா?"

"ஆமாங்க மேடம்."

"ஏம்மா, எப்பவாச்சும் ஒரு கல்யாணம் காட்சின்னா டாக்டரக் கேட்டுப் போடறதே யோசிச்சுப் போடணும். நீ பாட்டுக்குப் பத்து நாள் முன்னாடி, அஞ்சு நாள் முன்னாடின்னு இஷ்டத்துக்குப் போட்டா கரு முட்டை எப்ப வருதுன்னு உடம்புக்கே தெரியாது. சில மாசம் வரவே வராது. இது ஒண்ணுதான் காரணம்னு நான் இப்பவே சொல்லிட மாட்டேன். வேறயும் இருக்கலாம். ஆனா இத நிறுத்தினாதான் மத்தது எதுவுமே எனக்குத் தெரியும். உன் வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்திருக்கா?"

"அவருக்கு எதுக்குங்க?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "கூட்டிக்கிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பும்போது மடியில் கர்ப்பூரப் பொட்டலம் கனத்தது. பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். தொட்டில் கட்டவே விடாமல் கிள்ளிவிட்டு, தொட்டில் எங்கேடி என்று கேட்கிற வீட்டை இப்போதுதான் பார்க்கிறாள். மாமியார்மேல் மட்டும் கோபமில்லை. கேட்காமலே முழுங்கிய தன் வாய்மேலும் கோபம்.

அன்று சாயங்காலம் புருஷன் சக்திவேலிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தாள். ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவன் துணியை உதறினான்.

"எனக்கு இன்னா கொற? நான் நல்லாதான் இருக்கேன். டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு ஊர்ல எவனாச்சும் பாத்தா இன்னா நெனைப்பான்? அம்மா கைல பேசிக்கோ. என்ன நடுவுல இழுக்காத."

மறுநாள் காலை பச்சையம்மாள் சொம்போடு வந்தாள். அருணாதேவி வில்லையை நாக்குக்கு அடியில் அடக்கிக்கொண்டு தண்ணீரை மட்டும் விழுங்கினாள். புழக்கடைக்குப் போய் வாழை மரத்தடியில் துப்பினாள். அடுத்த வேளையும் அப்படியே. ஆறு வருஷத்தில் அந்த வீட்டில் அவள் தானாகச் செய்த முதல் காரியம் அது.

பௌர்ணமிக்கு முந்தின நாள் கடைக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தபோது கவிநிலா மறுபடியும் வந்தாள். கூட ஒரு ஆள். பேன்ட்டும் சட்டையும் மடிப்புக் கலையாமல் இருந்தன. பெயர் பிரசாத், அவளுக்கு மேலதிகாரி. கவிநிலாவின் கண்கள் சிவந்திருந்தன.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்மா" என்றான் பிரசாத். "இவங்க எடுத்த கணக்குல ஒரு சந்தேகம். இந்தத் தெருவுல அத்தனை பேருக்கும் மாதவிலக்கு ஒரே வாரத்துல வருதுன்னு குறிச்சிருக்காங்க. அப்படி உலகத்துல எங்கயும் நடக்காது. மாத்திரை போடறாங்கன்னு இவங்க சொல்றாங்க, ஆனா யாரும் மருந்தே சாப்பிடலைன்னும் இவங்களே குறிச்சிருக்காங்க. வீடு வீடா போகாம ஏதாச்சும் மரத்தடியில உக்காந்து இவங்களே இட்டுக்கட்டியிருந்தா ஆராய்ச்சியே கெட்டுடும். வேலையவிட்டு எடுக்க வேண்டி வரும். அதான் நேர்ல கேட்டுட்டுப் போலாம்னு."

பச்சையம்மாளின் முகம் செத்துவிட்டது. ஒரு ஆம்பளை, நடுரோட்டில், தன் மருமகளின் தூரத்தைப் பற்றிக் கேட்கிறான். "அதெல்லாம் ஒண்ணுமில்ல. இந்தப் பொண்ணு இன்னாத்த எழுதிச்சோ, எங்களுக்குத் தெரியாது. நீங்க போங்க" என்றாள்.

கவிநிலா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் பக்கம் பேசும்படி அவள் அருணாதேவியை ஜாடையாகக்கூடக் கேட்கவில்லை. கேட்காமல் நின்றதுதான் அருணாதேவியை என்னவோ செய்தது. கயிற்றைக் கீழே போட்டாள்.

"அவங்க எழுதினது நெசந்தாங்க. நாங்க எல்லாரும் பௌர்ணமிக்காகத் தள்ளிப்போடறதுக்கு மாத்திர போடறோம். மாசா மாசம். இந்த வரிசையில யார வேணா கேளுங்க."

"ஏய்!" என்றாள் பச்சையம்மாள்.

பிரசாத் கருவியை எடுத்து எதையோ தேடினான். தேடத் தேட அவன் நெற்றியில் வேர்வை பூத்தது. "இதை எங்க போடறதுன்னு தெரியல. நோய்க்கான மருந்துன்னு ஒரு இடம் இருக்கு. அதுல வராது. குடும்பக் கட்டுப்பாடுன்னு ஒரு இடம் இருக்கு. அதுலயும் வராது..."

"வராதுன்னு எப்படிங்க சொல்றீங்க? ஆறு வருசமா எனக்குக் கொழந்த இல்லாமதானே இருக்கு? டாக்டரம்மாவக் கேட்டுட்டுதான் வந்தேன். இதப் போட்டா கருவுக்கு வழியே தெரியாதாம். கட்டுப்பாட்டுலயே போட்டுக்கோங்க."

பக்கத்துக் கடையில் அபிநயா பூக்கூடையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பிரசாத் ‘மற்றவை’ என்ற இடத்தைத் தொட்டான். கவிநிலா அவன் தோளுக்குப் பின்னாலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "சார், தெரு முழுக்க இருக்கறது மற்றவை இல்ல சார். இதுக்குன்னு தனியா ஒரு கேள்வி போடுங்க."

அவன் தலையாட்டினான். "மேலிடத்துல பேசறேன்" என்றான். போகும்போது கவிநிலாவிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் ஏதோ சொல்லிக்கொண்டு போனான். அருணாதேவிக்கு அது கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பச்சையம்மாள் கத்துவாள் என்று அருணாதேவி எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"நெசமாவே டாக்டர் அப்படி சொன்னாளா?"

"ஆமாங்க அத்த."

"எனக்கு எப்படித் தெரியும்? எல்லா வூட்லயும் குடுக்கறாங்க, நானும் குடுத்தேன். கெட்டது நெனச்சா குடுத்தேன்?" பிறகு வெகுநேரம் யோசித்தாள். உள்ளுக்குள் தராசு ஏறி இறங்குவது முகத்தில் தெரிந்தது. ஒரு பக்கம் பேரப்பிள்ளை, இன்னொரு பக்கம் கடை. "சரி, நிறுத்திக்கலாம். ஆனா இந்தப் பௌர்ணமிக்குப் போட்டது போட்டதாவே இருக்கட்டும். அடுத்த மாசம் தீபம். தீபத்துக்கு வர்ற கூட்டம் உனக்கே தெரியும். அது கழியட்டும். தை மாசத்துலருந்து நிறுத்திக்கோ."

"எங்கப்பாவ வரச் சொன்னது?"

"அது அது பாட்டுக்கு நடக்கட்டும். தை மாசம் நிறுத்தினா ஒடனே தங்கிடும்னு எவன் கண்டான்?"

அருணாதேவி உள்ளே போய் நாளைக்கான திரிகளைத் திரிக்க உட்கார்ந்தாள். மாமியார் கெட்டவளாக இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஐப்பசிப் பௌர்ணமி. மத்தியானம் ஒரு தூறல் போட்டுவிட்டு வானம் வெளுத்தது. வெயில் தாழ்வதற்குள் பாதை நிறைந்துவிட்டது. பெங்களூர்க்காரர்கள், ஆந்திராக்காரர்கள், வெறுங்காலோடு வருகிறவர்கள், பிள்ளையைத் தோளில் தூக்கிவருகிறவர்கள். "அண்ணாமலைக்கு அரோகரா" என்ற சத்தம் ஒரு கூட்டத்திடமிருந்து அடுத்த கூட்டத்துக்குத் தாவிக்கொண்டே போனது. சக்திவேல் ஆட்டோவில் ஆள் ஏற்றிக்கொண்டு டவுனுக்கும் பாதைக்கும் அலைந்துகொண்டிருந்தான். பலகைக்கு முன்னால் கைகள் நீண்டபடியே இருந்தன.

அருணாதேவிக்கு விடிந்ததிலிருந்தே இடுப்பு இழுத்துக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் அடிவயிறு சுருட்டிப் பிடித்தது. ஓடிப்போய்ப் பின்னால் தட்டி மறைப்புக்குள் பார்த்துவிட்டு, கொண்டுவந்திருந்ததை வைத்துக்கொண்டு திரும்பினாள். பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். பயமாக இல்லை. தன் உடம்பு தன்னிடம் திரும்ப வந்துவிட்டதுபோல் இருந்தது.

கடைக்கு வந்து மாமியாரின் காதோரம் குனிந்தாள்.

"அத்த, நான் தூரமாயிட்டேன். எழுந்து வூட்டுக்குப் போறேன். நீங்க பாத்துக்கோங்க."

பச்சையம்மாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த விளக்கு சாய்ந்து நெய் விரலில் ஒழுகியது. "எப்படி? முழுங்கினியே... நான் பாத்தேனே..." என்றவள் மேற்கொண்டு கேட்காமல் நிறுத்திக்கொண்டாள். பாதையைப் பார்த்தாள். கோயில் திருப்பம்வரை தலைகளாகத் தெரிந்தன. பலகையை மொய்த்திருந்த கைகளைப் பார்த்தாள். தன் முழங்காலைப் பார்த்தாள். கூப்பிட்ட குரலுக்கு மகன் வர முடியாது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மருமகளின் முந்தானையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"குந்து. எழுந்துக்காத. யாருக்குத் தெரியப்போவுது? சாமிதானே, பொறுத்துக்கும்."

அருணாதேவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. எத்தனை காலை, எத்தனை சொம்புத் தண்ணீர்! வளைகாப்புக்குக் கூப்பிடாத எத்தனை வீடு! எல்லாவற்றையும் இந்த ஒரு வார்த்தை எப்போதோ நிறுத்தியிருக்கும்.

"இத மொத பௌர்ணமிக்கே சொல்லியிருக்கலாமேங்க அத்த."

"பேச்ச வுடு. அந்தம்மாவுக்குக் கர்ப்பூரம் குடு."

அருணாதேவி கர்ப்பூரத்தை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கழுத்தைத் திருப்பி, கூட்டத்தின் சத்தத்துக்கு மேல் குரலை எழுப்பினாள்.

"அபிநயா! எங்க அத்த சொல்றாங்க, தூரமானாலும் கடைல குந்தலாமாம். சாமி பொறுத்துக்குமாம். நான் அப்படித்தான் குந்திக்கினு இருக்கேன்."

வரிசையில் நாலைந்து கடைகளுக்குப் பேச்சு நின்றது. கர்ப்பூரம் வாங்கிய அம்மாள் உள்ளங்கையைப் பார்த்தாள், அருணாதேவியைப் பார்த்தாள், கர்ப்பூரத்தைப் பலகையில் திரும்ப வைத்துவிட்டு நடந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றிருந்த கண்ணாடி போட்ட பெண் அந்த இடத்தில் புகுந்துகொண்டு, "எனக்கு ரெண்டு விளக்கு குடும்மா, நேரமாகுது" என்றாள்.

அபிநயா பூவை அளப்பதை நிறுத்தியிருந்தாள். அவளுக்கும் கல்யாணமாகி மூன்று வருஷம். அவளுக்கு அப்பால் இருந்த கடைகளிலிருந்தும் மருமகள்கள் எட்டிப் பார்த்தார்கள். எல்லாக் கண்களும் பச்சையம்மாள்மேல் இருந்தன.

"நெசமாவா பெரீம்மா? நீங்களா சொன்னீங்க?"

இல்லை என்று சொன்னால் மருமகளை எழுப்பி அனுப்ப வேண்டும். ஆமாம் என்றால் நாளைக்கு அந்தத் தெருவில் ஒரு மாமியாரும் சொம்போடு நிற்க முடியாது. பச்சையம்மாள் கூட்டத்தைப் பார்த்தாள். நெய்யான விரலைத் துணியில் துடைத்தாள். "வெளக்க நேரா புடிச்சுக் குடு, ஒழுகுது பாரு" என்று மருமகளிடம் சள்ளென்று விழுந்தாள். இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.

"நாளைக்கி எங்கப்பா வருவாரு அத்த" என்றாள் அருணாதேவி, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "செங்கத்துப் பேச்ச எடுக்கறதுக்கு முந்தி, சாமி பொறுத்துக்கும்னு அவருகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க."

சொல்லிவிட்டு, அடுத்து நீண்ட கையில் இரண்டு விளக்குகளை எடுத்து வைத்தாள்.